கணிப்பொறியின் நாடி பார்த்தல்

"பொறி மெதுவாகிவிட்டது, புதிதாக ஒன்று வாங்கினால்தான் ஆகும்" என்னும் முடிவு நம் விடுதி அறைகளில் மிக எளிதாக எடுக்கப்படுகிறது. வாங்குவதற்குரிய பணமோ வீட்டிலிருந்து வரவேண்டும். அது தந்தையார் மாதக்கணக்கில் சேர்த்த தொகையாக இருக்கலாம். கல்விக் கடனின் ஒரு பகுதியாகவும் இருக்கலாம். காய்ச்சல் என்று வந்தவனை நாடி பிடித்துப் பாராமலே அறுவைக்கு அனுப்பும் வைத்தியனை நாம் ஏற்போமா? கணிப்பொறியின் விஷயத்தில் மட்டும் அந்த வைத்தியத்தை நாமே நமக்குச் செய்துகொள்கிறோம்.

கணிப்பொறி தன் நிலையைத் தானே எண்களாகச் சொல்லவல்லது. எந்த உறுப்பு களைத்திருக்கிறது, எது வேலையின்றி இருக்கிறது, எது பிறிதொன்றிற்காகக் காத்துக் கிடக்கிறது என்பதையெல்லாம் கேட்டால் அது மறைக்காமல் கூறும். கேட்கும் முறையையும், அதற்கு வேண்டிய சிறு கருவிகளை நிறுவும் முறையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அறிவியல் மாணவர்க்கு மட்டும் உரியதன்று இது. ஆய்வேட்டைத் தட்டச்சிடும் இலக்கிய மாணவர்க்கும் இது உரியதே.

1. கட்டளை வரி எதற்கு?

ஈண்டு நாம் எடுத்துக்கொள்வது லினக்ஸ் இயங்குதளம். திருவனந்தபுரத்தில் வாழும் மாணவர்க்கு இது புதிதன்று. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, 2001 ஜூலை 20 அன்று ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னிலையில் இந்நகரத்தில்தான் தொடங்கப்பெற்றது. கேரளப் பள்ளிகளில் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்னும் திட்டத்தின் வழியே கட்டற்ற மென்பொருள் வேரூன்றியது. அத்திட்டம் 2017-இல் 'கைட்' என்னும் நிறுவனமாக வடிவெடுத்தது. உபுண்டு என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட ஓர் இயங்குதளத்தை அந்நிறுவனம் பள்ளிகளுக்கென்று அமைத்து வழங்கி வருகிறது. ஆகவே இங்குப் பள்ளியில் படித்து வந்த தோழர்கள் பலர் லினக்ஸைக் கண்ணால் கண்டவர்களே. திரையில் உள்ள படங்களைத் தொட்டுப் பழகிய அவர்கள், கட்டளை வரியைத் தொட்டுப் பார்க்கத் தயங்குவது மட்டுமே குறை.

கட்டளை வரி என்பது, 'டெர்மினல்' என்னும் சாளரத்தைத் திறந்து, எழுத்தால் கேட்டு எழுத்தால் விடை பெறுவது. இதற்கு இரண்டு நன்மைகள் உண்டு. பொறி மூச்சுத் திணறும்போது படங்களுடன் கூடிய கருவி திறக்கவே நெடுநேரமாகும். எழுத்துக் கருவியோ பெரும்பாலும் உடனே வந்து நிற்கும். தொலைவிலுள்ள துறைக் கணிப்பொறியில் அமர்ந்த இடத்திலிருந்தே வேலை செய்வோர்க்கும் கையிலிருப்பது பெரும்பாலும் இந்த ஒரு சாளரந்தான். இது இரண்டாவது நன்மை.

கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்துக்களில் தட்ட வேண்டும். இங்கு ஒவ்வொரு கட்டளையின் எழுத்துக்களையும் முதன்முறை தனித்தனியே பெயர் சொல்லித் தருகிறோம். வாசகர் அவற்றை இடைவெளியின்றிச் சேர்த்துத் தட்டி, 'என்டர்' விசையை அழுத்த வேண்டும். இடைவெளி வேண்டுமிடத்தில் அதனையும் குறிப்பிடுவோம்.

2. நான்கு உறுப்புகள்

கணிப்பொறியின் வேகம் நான்கு உறுப்புகளைப் பொறுத்தது. கணக்கிடும் செயலி ஒன்று, நினைவகம் ஒன்று, கோப்புகளைக் காக்கும் வட்டு ஒன்று, வெளியுலகோடு இணைக்கும் வலையிணைப்பு ஒன்று.

பாளையத்திலுள்ள பல்கலைக்கழக நூலகத்தை நினைத்துக்கொள்வோம். படிக்கும் மாணவர் செயலி; அவர் முன்னுள்ள மேசை நினைவகம்; உள்ளே அடுக்கிய நூற்பேழைகள் வட்டு. மேசை பெரிதானால் வேண்டிய நூல்களையெல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு விரைந்து படிக்கலாம். மேசை சிறிதானால் ஒரு நூலை எடுத்துவர மற்றொன்றைத் திரும்பக் கொண்டுபோய் வைக்க வேண்டும். பொழுதெல்லாம் நடையிலேயே கழியும். அப்போது, "இவர் மெதுவாகப் படிப்பவர்" என்று அவர்மீது பழி சுமத்துவது எவ்வளவு தவறு! குறை மேசையில் இருக்க, மாணவரை மாற்றி என்ன பயன்?

ஒவ்வோர் உறுப்பிடமும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும் என்பது பிரெண்டன் கிரெக் என்னும் வல்லுநர் 2012-இல் வகுத்துரைத்த முறை. எவ்வளவு நேரம் வேலை செய்கிறது? அதன் வாயிலில் எத்தனை வேலைகள் காத்து நிற்கின்றன? பிழை ஏதேனும் நேர்ந்திருக்கிறதா? பயன்பாடு, நெரிசல், பிழை என்று இவற்றைச் சுருக்கமாக நினைவில் வைக்கலாம். இனிவரும் கட்டளைகள் யாவும் இம்மூன்று கேள்விகளின் விடைகளே.

3. முதற் பார்வை

முதலில் 'அப்டைம்' என்னும் கட்டளை: யு, பி, டி, ஐ, எம், இ. விடையாக வரும் ஒற்றை வரியின் இறுதியில் மூன்று எண்கள் இருக்கும். அவற்றிற்குச் சுமைச் சராசரி என்று பெயர். கடந்த 1 நிமிடம், 5 நிமிடம், 15 நிமிடம் ஆகிய காலங்களில் வேலை செய்துகொண்டோ காத்துக்கொண்டோ இருந்த பணிகளின் சராசரி அது.

இந்த எண்ணைத் தனியே வைத்து நல்லது கெட்டது சொல்ல இயலாது. தம்பானூர் இரயில் நிலையத்தில் நான்கு பேர் நிற்கிறார்கள் என்றால் கூட்டமா, இல்லையா? பயணச்சீட்டுத் தரும் சாளரம் ஒன்றே திறந்திருந்தால் மூவர் காத்திருக்கிறார்கள். நான்கு திறந்திருந்தால் ஒருவரும் காத்திருக்கவில்லை. கணிப்பொறியின் சாளரங்களே செயலியின் கருக்கள். அவை எத்தனை என்பதை 'என்ப்ராக்' கட்டளை கூறும்: என், பி, ஆர், ஓ, சி. சுமை கருக்களின் எண்ணிக்கைக்குக் கீழே இருந்தால் அமைதி. அதைக் கடந்து நெடுநேரம் நின்றால் நெரிசல். முதல் எண் பெரிதாகவும் மூன்றாம் எண் சிறிதாகவும் இருந்தால் தொல்லை இப்போதுதான் தொடங்கியது. மாறாக இருந்தால் அது தணிந்து வருகிறது.

ஒரு நுட்பத்தை மறத்தலாகாது. லினக்ஸில் செயலிக்காகக் காத்திருப்போர் மட்டுமின்றி, வட்டிலிருந்து விடை வருவதற்காக அசையாமல் காத்திருக்கும் பணிகளும் இந்தக் கணக்கில் சேரும். 1993-இல் செய்யப்பட்ட ஒரு மாற்றத்தின் விளைவு இது. ஆகவே சுமை மிகுந்திருந்தும் செயலி சோம்பியிருக்கக் கண்டால், வட்டின் பக்கம் திரும்ப வேண்டும்.

அடுத்தது 'டாப்': டி, ஓ, பி. வில்லியம் லெஃபீவர் என்பவர் 1984-இல் எழுதிய கருவி இது. ஓடும் பணிகளையெல்லாம் பட்டியலிட்டுச் சில நொடிகளுக்கொரு முறை புதுப்பித்துக் காட்டும். பெரிய 'பி' எழுத்தை அழுத்தினால் செயலியை மிகுதியாக உண்ணும் பணி மேலே வரும். பெரிய 'எம்' அழுத்தினால் நினைவகத்தை மிகுதியாகப் பிடித்திருப்பது மேலே வரும். சிறிய 'க்யூ' அழுத்தினால் கருவி மூடிக்கொள்ளும். மேற்பகுதியில் 'ஐ.டி.' என்று குறித்த எண் செயலி சும்மா இருந்த விழுக்காடு, 'டபிள்யூ.ஏ.' என்று குறித்தது வட்டு முதலியவற்றை எதிர்பார்த்துச் சும்மா இருந்த விழுக்காடு.

4. நினைவகமும் வட்டும்

'ஃப்ரீ' என்னும் கட்டளை நினைவகத்தின் கணக்கைத் தரும்: எஃப், ஆர், இ, இ, பின் ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, எச். இதில் பலரும் ஏமாறுமிடம் ஒன்றுண்டு. 'ஃப்ரீ' என்ற பத்தியில் மிகச் சிறிய எண்ணைக் கண்டு, நினைவகம் தீர்ந்துவிட்டது என்று அஞ்சுவர். லினக்ஸ் வெறுமையாகக் கிடக்கும் நினைவகத்தை வீணாக்காது. அண்மையில் படித்த கோப்புகளின் படிகளை அதில் வைத்துக்கொண்டு, தேவை வந்தால் உடனே விட்டுக்கொடுக்கும். ஆகவே பார்க்கவேண்டிய பத்தி 'அவைலபிள்' என்பது. புதிய பணிகளுக்கு உண்மையில் எவ்வளவு கிடைக்கும் என்னும் இந்த மதிப்பீடு 2014-இல் லினக்ஸ் கருவகத்தில் சேர்க்கப்பட்டது.

நினைவகம் உண்மையிலேயே போதாதபோது, பொறி அதன் ஒரு பகுதியை வட்டிற்குத் தள்ளி இடம் செய்கிறது. இதற்கு 'ஸ்வாப்' என்று பெயர். நாம் மேலே கூறிய நூலக நடை இதுவே. இதைக் காட்டுவது 'வி.எம்.ஸ்டாட்': வி, எம், எஸ், டி, ஏ, டி, பின் ஓர் இடைவெளி, எண் 5. ஐந்து நொடிக்கொரு வரி வந்துகொண்டே இருக்கும். நிறுத்த 'கன்ட்ரோல்' விசையோடு 'சி' அழுத்துக. முதல் வரி பொறி தொடங்கிய நேரம் முதலான சராசரி. அதைப் பொருட்படுத்தாமல் அடுத்த வரிகளைக் காண்க. 'எஸ்.ஐ.' என்பது வட்டிலிருந்து மீண்டது, 'எஸ்.ஓ.' என்பது வட்டிற்குப் போனது. இரண்டும் பூச்சியமாக இருப்பது நலம். எப்போதோ ஒருமுறை எண் தோன்றினால் பாதகமில்லை. வரிக்கு வரி பெரிய எண்கள் தொடர்ந்தால் மேசை போதவில்லை என்பது உறுதி.

ஏன் இது இவ்வளவு தாமதத்தை விளைக்கிறது? பழைய மடிக்கணினிகள் பலவற்றில் உள்ள சுழலும் வட்டு நிமிடத்திற்கு 5,400 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லி நொடி. வேண்டிய இடம் ஊசிமுனையின் கீழ் வரச் சராசரியாக அரைச் சுற்று. முனை தடம் மாற இன்னும் சில மில்லி நொடிகள். எனவே அங்கும் இங்கும் சிதறிய தகவல்களை நொடிக்கு நூறு முறைகூட எடுத்துத் தர அதனால் இயலாது. செயலியோ அதே ஒரு நொடியில் கோடிக்கணக்கான கணக்குகளை முடிக்கவல்லது. சுழற்சியே இல்லாத 'எஸ்.எஸ்.டி.' வகை வட்டில் இக்குறை பெரிதும் நீங்கும்.

வட்டின் இடம் நிறைந்துவிட்டதா என்பதை 'டி, எஃப்' என்னும் ஈரெழுத்துக் கட்டளை, முன்போல் இடைவெளி, சிறு கோடு, எச் சேர்த்துத் தட்டினால் காட்டும். பிழைகளை அறிய 'டிமெஸ்ஜி' உதவும்: டி, எம், இ, எஸ், ஜி. இதற்கு முன் 'எஸ், யு, டி, ஓ' என்னும் 'சூடோ'வையும் ஓர் இடைவெளியையும் சேர்க்க வேண்டும். அதில் வட்டைப்பற்றிப் பிழைச் செய்திகள் திரும்பத் திரும்ப வந்தால், வேகத்தைப்பற்றிய கவலையை விட்டு, முதலில் ஆய்வேட்டைப் படியெடுத்து வேறிடத்தில் காப்பாற்றுக.

5. கருவிகளை நிறுவுதல்

இதுவரை கூறியவை பெரும்பாலும் பொறியில் முன்பே உள்ளவை. இனி நிறுவவேண்டியது 'சிஸ்ஸ்டாட்' என்னும் தொகுதி. செபாஸ்டியன் கொடார் என்னும் பிரெஞ்சு நாட்டார் உருவாக்கியது, விலையில்லை. உபுண்டு, டெபியன் வகைகளில் நிறுவும் முறை வருமாறு.

முதலாவதாக, 'சூடோ', இடைவெளி, 'ஏ, பி, டி', இடைவெளி, 'யு, பி, டி, ஏ, டி, இ' என்று தட்டிப் பட்டியலைப் புதுப்பிக்க. கடவுச்சொல் கேட்கும், தட்டும்போது திரையில் ஒன்றும் தோன்றாது, அது இயல்பே.

இரண்டாவதாக, 'சூடோ', இடைவெளி, 'ஏ, பி, டி', இடைவெளி, 'ஐ, என், எஸ், டி, ஏ, எல், எல்', இடைவெளி, 'எஸ், ஒய், எஸ், எஸ், டி, ஏ, டி' என்று தட்டுக. தொகுதி வந்து அமரும்.

மூன்றாவதாக, பதிவு செய்யும் வேலையைத் தொடங்கி வைக்க வேண்டும். 'இ.டி.சி.' என்னும் அடைவினுள் 'டிஃபால்ட்' என்னும் அடைவில் 'சிஸ்ஸ்டாட்' என்ற பெயரிலேயே ஒரு கோப்பு உண்டு. அதனைச் 'சூடோ'வுடன் 'நானோ' என்னும் எழுதியைக் கொண்டு திறந்து, 'எனேபிள்டு' என்ற சொல்லுக்கு எதிரே 'ஃபால்ஸ்' என்றிருப்பதை 'ட்ரூ' என்று சிறிய எழுத்துக்களில் மாற்றிச் சேமிக்க.

நான்காவதாக, 'சூடோ', 'சிஸ்டம்சிடிஎல்', 'எனேபிள்', 'சிஸ்ஸ்டாட்' என்னும் நான்கு சொற்களை இடைவெளிவிட்டுத் தட்டுக. பிறகு 'எனேபிள்' இருந்த இடத்தில் 'ரீஸ்டார்ட்' வைத்து மீண்டும் ஒருமுறை தட்டுக. வேலை முடிந்தது.

இத்தொகுதியோடு வருவது 'ஐயோஸ்டாட்': ஐ, ஓ, எஸ், டி, ஏ, டி, இடைவெளி, சிறு கோடு, எக்ஸ், இடைவெளி, எண் 5. 'அவெய்ட்' என்று முடியும் பத்திகள் ஒரு வேண்டுகோள் நிறைவேற எத்தனை மில்லி நொடி ஆயிற்று என்பதைக் கூறும். 'யுடில்' என்பது வட்டு வேலையில் இருந்த நேர விழுக்காடு. சுழலும் வட்டில் இது 100-ஐ நெருங்கினால் நெரிசலே. எஸ்.எஸ்.டி. பல வேண்டுகோள்களை ஒரே வேளையில் கவனிக்கவல்லது. ஆதலின் அதில் இந்த எண்ணை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொல்லாமல், காத்திருந்த நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

6. குறிப்பேடு வைத்தல்

ஒரு வேளை நாடி பார்ப்பது நல்லது; நாள்தோறும் பார்த்துக் குறித்து வைப்பது அதனினும் நல்லது. இதற்கு நம் நகரமே சான்று. சுவாதித் திருநாள் மன்னர் 1837-இல் நிறுவிய திருவனந்தபுரம் வானோக்கு நிலையம் இன்று நம் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. அங்கு 1852-இல் பொறுப்பேற்க வந்த ஜான் ஆலன் பிரௌன், பூமியின் காந்தத் திசையில் நேரும் நுண்ணிய மாற்றங்களை ஆண்டுக்கணக்கில் குறித்து வைக்கச் செய்தார். தமிழர் போற்றும் அகத்தியர் மலையின் உச்சியிலும் 1855-இல் ஒரு நோக்கு நிலையம் அமைத்தார். அந்த நீண்ட குறிப்புகளிலிருந்தே, ஏறத்தாழ 26 நாட்களுக்கு ஒருமுறை திரும்பி வரும் ஓர் ஒழுங்கை அவர் கண்டு, அதனைச் சூரியனின் சுழற்சியோடு தொடர்புபடுத்தினார். ஒரு நாள் மட்டும் ஊசியைப் பார்த்தவர்க்கு இது தென்பட்டிருக்குமா?

நம் பொறியிலும் அவ்வாறே. சிஸ்ஸ்டாட் தொகுதி 10 நிமிடத்திற்கொரு முறை அளவெடுத்துப் பதிவு செய்கிறது. நாளொன்றுக்கு 144 அளவுகள். அவற்றைப் படித்துக் காட்டுவது 'சார்' என்னும் கட்டளை: எஸ், ஏ, ஆர். அதன்பின் இடைவெளியும் சிறு கோடும் இட்டு, 'யு' சேர்த்தால் செயலி, 'ஆர்' சேர்த்தால் நினைவகம், 'க்யூ' சேர்த்தால் சுமை, 'டி' சேர்த்தால் வட்டு என்று அன்றைய கணக்கு நேரவாரியாக விரியும். நாள்தோறும் ஒரே நேரத்தில் எண்கள் ஏறுகின்றனவா? அப்படியானால் அந்நேரத்தில் தானாகவே தொடங்கும் பணி எது என்று தேடலாம். குறிப்பேடு இல்லையேல், "என்னவோ மாலையில் மட்டும் இப்படியாகிறது" என்ற புலம்பலோடு நின்றுவிடுவோம்.

7. ஓர் எடுத்துக்காட்டு

இரண்டு கருக்கள், 4 ஜிபி நினைவகம், சுழலும் வட்டு ஆகியன கொண்ட ஒரு பழைய மடிக்கணினியை எடுத்துக்கொள்வோம். மாலை எட்டு மணிக்கு அது நகர மறுக்கிறது. அப்டைம் 6.10, 5.40, 3.20 என்கிறது. கருக்கள் இரண்டே, ஆகவே நெரிசல் உண்டு, அது வளர்ந்தும் வருகிறது. உடனே "செயலி போதாது" என்று சொல்லத் தோன்றும். பொறுக்க. டாப் கருவியில் செயலி கணக்கிட்டது 12 விழுக்காடு மட்டுமே; காத்திருந்தது 70 விழுக்காடு. குற்றவாளி செயலி அன்று.

ஐயோஸ்டாட் வட்டின் பயன்பாடு 99 விழுக்காடு என்கிறது. "அப்படியானால் வட்டே குற்றவாளி" எனலாமா? இன்னும் ஒரு படி உண்டு. வி.எம்.ஸ்டாட்டில் எஸ்.ஐ., எஸ்.ஓ. இரண்டும் வரிக்கு வரி ஆயிரத்தைத் தொட்டு நிற்கின்றன. ஃப்ரீ கட்டளையில் கிடைக்கக்கூடிய நினைவகம் 150 எம்பி. இப்போது வழக்கு தெளிவாயிற்று. நினைவகம் போதாமையால் வட்டு அலைக்கழிக்கப்படுகிறது. வட்டின் அலைச்சலால் செயலி காத்துக் கிடக்கிறது. டாப் கருவியில் பெரிய 'எம்' அழுத்தினால், உலாவியில் திறந்து வைத்த பக்கங்களே முன்வரிசையில் நிற்பது தெரிகிறது.

மருந்து என்ன? இன்றைக்குத் தேவையற்ற பக்கங்களை மூடுதல். நாளைக்கு, பொறியில் இடமிருந்தால், நினைவகத்தை 8 ஜிபி ஆக்குதல். புதுப் பொறி வேண்டியதில்லை. எஸ்.ஐ., எஸ்.ஓ. இரண்டும் பூச்சியமாக இருந்து வட்டு மட்டும் திணறியிருந்தால் மருந்து வேறு; அப்போது எஸ்.எஸ்.டி. மாற்றுவதே பயன் தரும். எல்லாம் அமைதியாக இருந்து இணையப் பக்கம் மட்டும் தாமதித்தால், குறை விடுதியின் வலையிணைப்பில் இருக்கலாம். எவ்வளவு விலையுயர்ந்த பொறியும் அதனைத் தீர்க்காது. வெளியே தெரியும் அறிகுறி ஒன்றே, நோய்கள் மூன்று, செலவும் மூன்று விதம்.

8. கவனிக்க வேண்டியவை

பொறி நலமாக இருக்கும் நாளிலேயே அளவெடுத்து வைக்க வேண்டும். நலத்தின் எண் தெரியாதவர்க்கு நோயின் எண் விளங்காது. ஒரு வேளையில் ஒரு மாற்றம் மட்டும் செய்து மீண்டும் அளக்க வேண்டும். மூன்றை ஒருசேர மாற்றினால் எது பயன்பட்டது என்று தெரியாது. பெயர் தெரியாத பணியைக் கண்டவுடன் கொன்றுவிடலாகாது. அது பொறிக்கு இன்றியமையாததாக இருக்கலாம். துறையின் பொதுப் பொறியில் பிறர் பெயரில் ஓடும் பணி மிகுந்த சுமை தருவதைக் கண்டால், பொறுப்பாளரிடம் எண்களோடு சொல்லுதலே முறை. எண் கையிலிருந்தால் குறை சொல்வது கோள் ஆகாது.

பெரிய பொறிகளுக்கும் இதே விதிதான். இந்நகரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் 2011 மே மாதம் தொடங்கி வைக்கப்பெற்ற 'சாகா 220' என்னும் மீக்கணிப்பொறி, 400 செயலிகளும் 400 வரைகலைச் செயலிகளும் கொண்டு, ஏறத்தாழ 150 கிலோவாட் மின்சாரத்தில் இயங்குமாறு அமைக்கப்பட்டது. அத்தகைய பொறியில் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்காகக் காத்துக் கிடந்தால், வீணாவது பொதுமக்கள் பணம். நம் மேசைமேல் வீணாவது நம் பெற்றோர் பணம். அளவுதான் வேறு, கேட்கவேண்டிய கேள்விகள் அவையே.

தோழர்களே, மேற்கூறிய கட்டளைகள் யாவற்றையும் ஒரு மாலைப் பொழுதில் பழகிவிடலாம். இன்றிரவே சிஸ்ஸ்டாட்டை நிறுவி, ஒரு வாரம் அதன் போக்கில் விடுங்கள். வாரமுடிவில் சார் கட்டளையின் எண்களைத் தாளில் குறித்து, நண்பர் ஒருவரோடு அமர்ந்து படியுங்கள். அதன் பின்னும் புதுப் பொறி வேண்டும் என்று எண்கள் சொல்லுமானால் தயங்காமல் வாங்கலாம். அப்போது வீட்டிற்கு எழுதும் கடிதத்தில், "மெதுவாக இருக்கிறது" என்ற ஒரு சொல்லுக்குப் பதிலாக, அளந்து கண்ட காரணத்தையே எழுத முடியும்.